கொடி ஏறிய நேரத்துச் சத்தம்

தூத்துக்குடி
11 மே 2025

அன்புத் தம்பி பிரைட்டனுக்கு,

மாதாவின் காவலில் நீயும் ஜெப்ஸியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். என் வலது காது மட்டும் போன மாதத்தோடு முழுதாக விடை வாங்கிக்கொண்டது. இடது காது ஒப்புக்கு இருக்கிறது. ஆகவே இனிமேல் போன் வேண்டாம். வீடியோவில் நீ வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து நான் பாட்டுக்குச் சிரிக்க, நீ ஏதாவது சாவுச் செய்தி சொல்லியிருக்க, அந்த வம்பே நமக்கு வேண்டாம். காகிதத்தில் எழுதி, படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பு. நானும் அப்படியே செய்கிறேன். உன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று வெட்கப்படாதே. போலீஸ் ஸ்டேஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் ரைட்டராக இருந்து ஊரார் புகாரையெல்லாம் எழுதியவள் நான், எதையும் வாசித்துவிடுவேன்.

நேற்று டிவியில் உன் நாட்டைக் காட்டினார்கள். ஏதோ ஒரு ஊரில் ஒரே சனி ஞாயிறில் எத்தனையோ பேரைச் சுட்டுவிட்டார்களாம். மரியான் அத்தான் டிவியை அணைக்கப் போனார், நான் விடவில்லை. என் சர்வீசில் அரிவாள் பார்த்திருக்கிறேன், நாட்டு வெடிகுண்டு பார்த்திருக்கிறேன். துப்பாக்கி வழக்கு என்று என் கையால் எழுதியது இரண்டே இரண்டுதான். ஒன்று முயல் வேட்டை. மற்றது, ஒரு பேங்க் காவலாளி துப்பாக்கியைத் துடைக்கும்போது தன் காலையே சுட்டுக்கொண்டது.

அதனால் கேட்கிறேன். அங்கே யார் யாரைச் சுடுகிறார்கள்? ஊர் முழுக்கவா, சில தெருக்களில் மட்டுமா? களவுக்கா, பகையாலா? போலீசுக்கு யார் சொல்வது? வந்ததும் முதலில் என்ன செய்வார்கள்? டிவிக்காரன் எண்ணிக்கையைத்தான் சொல்லுதான், விஷயத்தைச் சொல்ல மாட்டேங்கான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
விஜிலா


1 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் காதைப் பற்றி வாசித்து ஜெப்ஸி வருத்தப்பட்டாள். சூடான எண்ணெய் எதையும் ஊற்ற வேண்டாம் என்று என் வீட்டு நர்ஸின் உத்தரவு. எங்களுக்கு உடம்பு சுகம். எனக்குக் குடோனில் வேலை கூடுதல், முதுகு கொஞ்சம் பிடிக்கிறது. அக்டோபரில் எங்கள் குடியுரிமை இன்டர்வியூ வருகிறது. உங்கள் ஜெபத்தில் எங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விகள் குறுக்கு விசாரணை மாதிரி இருந்தன. தெரிந்ததைச் சொல்கிறேன். ஊர் முழுக்கச் சுடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஜெப்ஸியின் ஆஸ்பத்திரிப் பக்கம் பிள்ளைகள் இருட்டும் வரைக்கும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சத்தம் எல்லாம் சில தெருக்களில், சில முக்குகளில்தான். எங்கள் புதுவீடு அந்தத் தெருக்களின் ஓரத்தில் இருக்கிறது. நம் கைக்கு எட்டிய விலைக்கு இங்கேதான் கிடைத்தது. களவுக்காகச் சுடுவது குறைவு. போனில் ஒருவன் கேலியாக ஏதாவது போடுவான், மற்றவன் பொறுக்க மாட்டான், அடுத்து அவன் தம்பி, அப்புறம் இவன் சிநேகிதன் என்று போகும். சுட்டவனும் பட்டவனும் பெரும்பாலும் தெரிந்தவர்கள். எமர்ஜென்சியில் பார்த்த முகத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று ஜெப்ஸி சொல்கிறாள். வெயில் காலத்தில் கூடும், பனி விழுந்தால் குறையும்.

போலீசுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விளக்குக் கம்பங்களில் மைக் வைத்திருக்கிறார்கள். சத்தம் எந்தச் சந்திலிருந்து வந்தது என்று அதுவே காட்டிக்கொடுக்க, வண்டி வந்துவிடும். காலித் தோட்டா கிடக்கும் இடத்தில் எல்லாம் மஞ்சள் அட்டை வைத்துப் படம் எடுப்பார்கள். பிறகு வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். ஒருவரும் ஒன்றும் பார்த்திருக்க மாட்டார்கள். பயம்தான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது லமார் என்பவர். எங்கள் பின்சந்துக்கு எதிர்வீடு, ஐம்பது வயதிருக்கும். வாலிபத்தில் துப்பாக்கி வழக்கில் உள்ளே போய்ப் பல வருஷம் இருந்தவர், இப்போது பரோலில் வெளியே இருக்கிறார். ஒரு தொண்டு நிறுவனம் சம்பளம் கொடுத்து, ஆரஞ்சுச் சட்டை மாட்டி, சண்டை மூளும் இடத்துக்கு அவரை அனுப்புகிறது. போய் நின்று பேசித் தணிப்பதுதான் வேலை. நல்ல மனுஷர். பனிக்காலத்தில் என் வாசல் பனியையும் சேர்த்தே வழித்துவிடுவார்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தம்பி
பிரைட்டன்


தூத்துக்குடி
15 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே காற்றுக் காலம் தொடங்கி வீடெல்லாம் மணல். மற்றபடி குறையில்லை.

உன் கடிதத்தை அத்தானுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பழி வாங்குகிற கதை எனக்குப் புதிதில்லை. இங்கேயும் ஒரு வெட்டு விழுந்தால் அடுத்தது யார் என்று எங்கள் ஏட்டையாக்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். என்னை அசத்தியது அந்த லமார்தான். சமாதானம் பேசுகிறவருக்கு மாதச் சம்பளமா! இங்கே அதைப் பங்குச் சாமியும் ஊர்க் கமிட்டியும் ஓசியில் செய்கிறார்கள், நடுவில் கல்லெறியும் வாங்கிக்கொள்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் நம் ஊரிலேயே போலீஸ் சுட்ட துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி மட்டும் நீ கேட்காதே. அதை எழுத என் கை ஓடாது.

என் காது போன நேரம் உன் ஊரில் விளக்குக் கம்பத்துக்குக் காது முளைத்திருக்கிறதே, அதைத்தான் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அந்தக் காதுக்கு வேட்டு எது, தோட்டா எது என்று தெரியுமா? அடுத்த மாதம் 26ஆம் தேதி பனிமய மாதாவுக்குக் கொடி ஏறுகிறது. கொடி உச்சியைத் தொடும் அந்த நிமிஷத்தில் நம் வீட்டு வாசலில் மூன்று வேட்டுப் போடுவது அப்பா காலத்து வழக்கம். அவருக்குப் பிறகு நீதான் போடுகிறாய். போன வருஷம் வரைக்கும் நீங்கள் முன்பு இருந்த ஏரிக்கரை வீட்டில், போனில் கொடியேற்றத்தைப் பார்த்துக்கொண்டே போட்டு, எனக்கு வீடியோ அனுப்பினாய். இந்தப் புதுவீட்டில் போட்டால் கம்பம் போலீசைக் கூப்பிடுமா, கூப்பிடாதா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜெப்ஸிக்கு முத்தம்.

அக்கா
விஜிலா


6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ஒத்தடம் வேலை செய்கிறது. உங்களுக்கும் அத்தானுக்கும் மணல் காற்றில் இருமல் வராமல் இருக்க வேண்டும்.

முந்தாநாள் இவர்களுடைய சுதந்திர தினம். தீபாவளியெல்லாம் தோற்றது. கம்பத்து மைக்குக்கு அன்றைக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறார் லமார். மைக் கேட்டதை எங்கோ ஓர் ஆபீசில் ஆட்கள் உட்கார்ந்து கேட்டு, வேட்டா தோட்டாவா என்று முடிவு செய்து போலீசுக்குச் சொல்வார்களாம். சமயத்தில் தப்பும் என்றார். அவர் அன்று ஆரஞ்சுச் சட்டையோடு விடிய விடியத் தெருவில் நின்றார். வேட்டுச் சத்தத்தோடு சத்தமாகச் சுட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டாம்.

எங்கள் ஊருக்குள் வேட்டுப் போடச் சட்டத்தில் இடமில்லை. பக்கத்து மாநிலத்தில் கடை திறந்து விற்கிறார்கள், எல்லாரும் வாங்கிவந்து போடுகிறார்கள். நானும் வாங்கிவந்து மூன்றை எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு 26ஆம் தேதி விடை கிடைக்கும்.

தம்பி
பிரைட்டன்


தூத்துக்குடி
8 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

மாதாவின் திருவிழா நல்லபடியாக முடிந்தது. கூட்டத்தில் அத்தானின் செருப்பு ஒன்று காணாமல் போய், ஒற்றைச் செருப்போடு வந்து என்னைத் திட்டினார். இருவருக்கும் சுகம்.

உங்களுக்குத்தான் என்ன என்று தெரியவில்லை. கொடியேற்றத்தன்று உன் வீடியோவுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. நான் அனுப்பிய சப்பரப் படங்களுக்கு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. ஜெப்ஸிக்குக் காய்ச்சலா? வேலை போய்விட்டதா? ஒரு வரி போதும்.

அக்கா


19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். எழுதாததற்கு மன்னிக்கவும். குடோனில் வேலை அதிகம். இங்கே வெயில் இறங்கிவிட்டது. பின்பக்கம் போட்ட தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது, நேற்று ஒரு கூடை பறித்தேன். ஜெப்ஸிக்கு ஷிப்ட் மாறியிருக்கிறது.

வேட்டுக்கு இந்தத் தடவை நேரம் அமையவில்லை. லமார் இப்போது இங்கே இல்லை.

சும்மா ஒன்று கேட்கிறேன். உங்கள் ஸ்டேஷனில் சாட்சி ஒருவன் சம்பவம் நடந்து பல நாள் கழித்து வந்து சொன்னால் என்ன கேட்பார்கள்? அவன் மேலேயே வழக்கு வருமா?

தம்பி
பிரைட்டன்


தூத்துக்குடி
21 ஆகஸ்ட் 2025

பிரைட்டா,

எங்களுக்குச் சுகம். உனக்குச் சுகமில்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது.

நீ பிறந்ததிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். தக்காளியைப் பற்றிப் பேசுகிறவன் இல்லை நீ. ஸ்டேஷனில் ஒருவன் வாக்குமூலத்தை வெயில் மழையிலிருந்து ஆரம்பித்தால் நான் பேனாவை மூடிவைத்துவிட்டு டீ வாங்கிவரச் சொல்வேன். விஷயம் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று அர்த்தம்.

லமார் "இங்கே இல்லை" என்றால் என்ன? ஊருக்குப் போனாரா, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரா, செத்துவிட்டாரா, உள்ளே இருக்கிறாரா? மூன்று வேட்டை எடுத்து வைத்தவனுக்கு நேரம் அமையவில்லையாம். அப்பா செத்த வருஷம்கூட அழுதுகொண்டே போட்டவன் நீ. அப்புறம் "சும்மா ஒன்று கேட்கிறேன்". சும்மா கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் நினைப்பது இதுதான். நீ வேட்டுப் போட்டாய். கம்பம் கேட்டது. போலீஸ் வந்தது. பிடித்தது அவரை. இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிடு. நான் சந்தோஷமாகத் தோற்றுப்போகிறேன்.

அக்கா


7 செப்டம்பர் 2025

அக்கா,

நலம் விசாரித்து எழுத எனக்கு மனசில்லை. நீங்கள் தோற்கவில்லை.

கொடி ஏறியது உங்களுக்குச் சனிக்கிழமை காலை, எங்களுக்கு வெள்ளி இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். போனில் கொடி உச்சிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே பின்சந்தில் மூன்றையும் போட்டேன். வீடியோவும் எடுத்தேன். உள்ளே வந்து விளக்கை அணைத்துவிட்டு, கம்பம் என்ன செய்யும் என்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் அக்கா. உங்களுக்கு என்னவெல்லாம் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு வண்டி வந்தது. சந்தில் லமார் நின்றிருந்தார். துப்பாக்கியை நீட்டிக்கொண்டே இறங்கினார்கள். அவரைத் தரையில் படுக்கச் சொன்னார்கள். சந்தில் தேடியபோது குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு கைத்துப்பாக்கி கிடைத்தது. இப்படி ஒளித்து வைப்பது இங்கே பையன்களின் வழக்கம், கையில் வைத்திருந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. ஆனால் சுடுகிற சத்தம் வந்திருக்கிறது, துப்பாக்கி கிடக்கிறது, பரோலில் இருக்கிற ஒரு கறுப்பு ஆள் நிற்கிறார். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பிறகு ஒரு போலீஸ்காரர் என் கதவைத் தட்டினார். "உனக்கு ஒன்றுமில்லையே? ஏதாவது பார்த்தாயா?" என்றார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன். வீடியோவையும் அழித்துவிட்டேன்.

மறுநாளே போய்ச் சொல்வதாகத்தான் இருந்தேன். ஜெப்ஸி என் காலைப் பிடிக்காத குறை. "இன்டர்வியூ முடியட்டும், அதுக்கப்புறம் உங்க நேர்மைய வச்சுக்கிடுங்க. போலீஸ்ட்ட பொய் சொன்னதுன்னு ஒரு வரி ஏறிச்சின்னா நம்ம ரெண்டு பேரையும் கப்பலேத்திருவாங்க" என்று அழுதாள். எனக்கும் அந்தப் பயம்தான். அவள் மேல் பழி போடவில்லை. இந்த மாதக் கடைசியில் லமாருக்கு விசாரணை. பரோல் ரத்தானால் மிச்சமிருக்கும் வருஷங்களை முழுதாக உள்ளே கழிக்க வேண்டும்.

போன வாரம் இரண்டு தெரு தள்ளி நிஜமாகவே சுட்டுவிட்டார்கள். இருபது வயதுப் பையனுக்குத் தொடையில் குண்டு. லமார் இருந்திருந்தால் இந்தச் சண்டையை அன்றே பேசி முடித்திருப்பார் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நான் பால் பாக்கெட்டைப் பிடித்தபடி நின்றேன்.

என்ன செய்ய?

பிரைட்டன்


தூத்துக்குடி
8 செப்டம்பர் 2025

பிரைட்டா,

இன்று மாதா பிறந்த நாள். பூசைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சத்தம் ஒருத்தனுடையது, துப்பாக்கி ஒருத்தனுடையது, உள்ளே இருப்பவன் வேறொருத்தன். என் சர்வீசில் இப்படி ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால் ருசியான வழக்கு என்று சொல்லியிருப்பேன். என் தம்பி வழக்காக இருக்கிறபடியால் ராத்திரி சோறு இறங்கவில்லை.

அத்தானிடம் சொன்னேன். "அவன் ஊர்ச் சண்டை நமக்கு எதுக்குளா? வாயப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்லு. பிழைக்கப் போன இடத்துல நியாயம் பேசவா போனான்?" என்று கத்தினார். எனக்குக் காது கேட்காது என்பதை மறந்து கத்தினாரோ, நினைத்துக் கத்தினாரோ, எல்லாம் கேட்டது. அவர் சொல்வதிலும் பாசம்தான் இருக்கிறது.

ஆனால் நான் ரைட்டராக இருந்தவள். முதல் காகிதத்தில் ஏறியதுதான் அரசாங்கத்துக்கு உண்மை. அதற்குப் பிறகு வருகிற காகிதமெல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். அந்த விசாரணை முடிந்துவிட்டால் மாதாவே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் "ஏன் இவ்வளவு லேட்" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்னால் போ. போலீசிடம் நேராகப் போகாதே, ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு லமாருடைய வக்கீலிடம் போ. தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்ன பொய்யையும் நீயே முதலில் சொல்லிவிடு. அவர்கள் கண்டுபிடித்தால் அது குற்றம். நீ சொன்னால் பயம் என்று எழுதிக்கொள்வார்கள்.

"எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்று உனக்கு எழுதியவள் நான். நெருப்பு நீ வைத்தாலும் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது நான்தான். உன் கடிதத்தை வாசித்த நேரத்திலிருந்து எனக்கு என் மேலேயே கோபமாக இருக்கிறது.

உன்னை அனுப்பிவிட்டார்கள் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வா. வீடு இருக்கிறது, குசினியில் இன்னும் இரண்டு தட்டு இருக்கிறது. ஜெப்ஸியிடம் இதை நான் சொன்னதாகச் சொல். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போ.

அக்கா


26 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தையும் அத்தான் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன். இங்கே ஜெப்ஸி மறுபடியும் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். உடம்புக்குக் குறைவில்லை.

போனேன். நீங்கள் சொன்ன மாதிரியே பொய்யை முதலில் சொன்னேன். என்னை விசாரித்த அதிகாரி அம்மாவுக்குக் கொடியேற்றத்தைப் புரியவைப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. "உலகத்தின் அந்தப் பக்கம் காலையில் ஒரு கொடி ஏறியதற்காக நீ இங்கே ராத்திரி வெடி போட்டாயா?" என்று மூன்று விதமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். நம்பவில்லை. மைக்கில் பதிவான நேரத்தையும், கோயில் கொடியேற்ற நேரலையில் கொடி உச்சியைத் தொட்ட நேரத்தையும் லமாருடைய வக்கீல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் பேனாவை எடுத்தார். துப்பாக்கியிலும் லமார் கைரேகை இல்லை. போன வாரம் விட்டுவிட்டார்கள்.

எனக்கு வேட்டுக்காக அபராதம். பொய்க்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இன்டர்வியூவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், எதுவரைக்கும் என்று தெரியாது. வருவது வரட்டும் என்று ஜெப்ஸியே சொல்லிவிட்டாள்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். பின்படியில் உட்கார்ந்திருந்தார், மெலிந்திருந்தார். மன்னிக்கச் சொல்லத்தான் போனேன். என் வாய் திறக்கும் முன் அவரே பேசினார். பேசியது இங்கிலீஷ், என் காதில் நம் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது.

"நான் ஏன் அன்னைக்கு சந்துக்கு வந்தேன்னு உங்கிட்ட யாரும் சொல்லலையா? சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மூணு சத்தம், உன் வீட்டுப் பக்கம். எட்டிப் பாத்தா உன் வீட்டு லைட்டு அணையுது. உனக்குப் பட்டுருச்சுன்னு நெனச்சேன். அதான் ஓடிவந்தேன். அவங்க என் கையைப் பின்னால கட்டும்போதும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், மொதல்ல அந்த வீட்டு ஆளு உசுரோட இருக்கானான்னு பாருங்கன்னு. ஒருத்தர் போயி உன் கதவைத் தட்டிட்டு வந்து, ஆளு நல்லாத்தான் இருக்கான், தூங்கிக்கிட்டு இருந்தானாம்னு சொன்னாரு. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். நின்ற இடத்திலேயே அழுதேன். அவர் படியில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

உங்கள் தம்பி
பிரைட்டன்